ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் ஆரம்பிக்கிறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

ஞாயித்துக்கிழமை காலைல ரேஞ்சுக்குப் போனா யாராவது ஒரு அப்பா பையனையோ பொண்ணையோ கூட்டிட்டு வந்து நிப்பாரு, கேள்வி எல்லாம் ஒரே கேள்விதான், நானும் ஒரே பதிலை நூறு தடவை சொல்லிட்டேன், அதான் இந்த தடவை உக்காந்து எழுதிட்டேன். நான் கோச் இல்ல, பல வருஷமா பிஸ்டல் சுடுற ஒரு சாதா கிளப் மெம்பர், அதனால பிஸ்டல் பத்தி நெறைய இருக்கும், ரைஃபிள் கொஞ்சம் கம்மியாதான் இருக்கும். எல்லாமே 10 மீட்டர் ஏர் ஈவென்ட் பத்திதான்.

சார், எந்த கன் வாங்கலாம்?

எதுவும் வாங்காதீங்க. இப்போதைக்கு.

இத சொன்னா மூஞ்சி சுருங்கிடுது எல்லாருக்கும். நான் சேந்த மூணாவது மாசமே செகண்ட் ஹேண்ட்ல ஒரு நல்ல ஜெர்மன் பிஸ்டல் கிடைக்குதுன்னு கடன் வாங்கி வாங்கினேன், க்ரிப், அதாவது கைப்பிடி, லார்ஜ் சைஸ், என் கை மீடியம், அது அப்போ எனக்குத் தெரியவே தெரியாது, ரெண்டு வருஷம் அந்த க்ரிப்போட மல்லுக்கட்டி மணிக்கட்டை ஒரு தப்பான கோணத்துல பழக்கி, அப்புறம் நஷ்டத்துக்கு வித்துட்டு அந்தப் பழக்கத்தை மறக்க இன்னொரு வருஷம் ஆச்சு. கன்னு நல்ல கன்னுதான், நான்தான் ரெடியா இல்ல.

கிளப் கன்ல ஆறு மாசம் சுடுங்க. உங்க கை சைஸ், எந்தக் கண்ணு, ரைஃபிளா பிஸ்டலா, முக்கியமா ஆறு மாசம் கழிச்சும் காலைல எந்திரிச்சு வர்றீங்களான்னு அதுக்குள்ள தெரிஞ்சுடும். பாதிப் பேர் மூணாவது மாசத்துலயே காணாமப் போயிடுறாங்க, இது அவங்களைக் குறை சொல்லல, இந்த விளையாட்டு வெளியில இருந்து பாக்குற மாதிரி இல்ல, அவ்ளோதான்.

ரைஃபிளா, பிஸ்டலா?

டார்கெட்டை பக்கத்துல வெச்சுப் பாருங்க, பாதி விஷயம் புரிஞ்சுடும். ரைஃபிள் டார்கெட்டோட பத்து வட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர், பால்பாயிண்ட் பேனால வெச்ச புள்ளி. பிஸ்டல் டார்கெட்ல பத்து 11.5 மில்லிமீட்டர். ரெண்டுமே 10 மீட்டர் தூரம், ரெண்டுமே 4.5 மில்லிமீட்டர் பெல்லட். ரைஃபிள்ல நாலரை அஞ்சு கிலோ கன்னை ஜாக்கெட் போட்டு எலும்பு மேல தாங்கி நிக்கிறீங்க, பிஸ்டல்ல ஒரு கிலோ சாமானை ஒத்தைக் கையை நீட்டி எந்த சப்போர்ட்டும் இல்லாம பிடிக்கிறீங்க. அதனாலதான் வட்டம் பெருசு.

ஸ்கோரும் வேற. ரெண்டுலயும் 60 ஷாட்தான், ஆனா ரைஃபிள்ல தசம புள்ளி எண்ணுவாங்க, ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. பிஸ்டல் குவாலிஃபிகேஷன்ல முழு எண் மட்டும்தான், மொத்தம் 600. ரைஃபிள்ல ஒரு தசமம்னா கால் மில்லிமீட்டர். அந்த நுணுக்கம் பிடிக்கிற ஆளுங்க, ஒரே நிலையில அசையாம நிக்க முடியுற ஆளுங்க ரைஃபிளுக்குப் போவாங்க. செலவும் ரைஃபிளுக்குத்தான் ஜாஸ்தி, ஜாக்கெட் பேன்ட் ஷூன்னு இழுத்துட்டே போகும். சின்னப் பசங்கன்னா ரெண்டையும் ஒரு மாசம் மாத்தி மாத்தி சுட விடுங்க, "என் பொண்ணு பிஸ்டல்தான், மனு பாக்கர் மாதிரி வரணும்"னு அப்பாவே முடிவு பண்ணிட்டு வந்தா கொஞ்சம் கஷ்டம்.

லைசென்ஸ் வேணுமா?

2016 ஆயுத விதிகள்படி 4.5 மில்லிமீட்டர் காலிபருக்கு மேல போகாம, 20 ஜூலுக்கு மேல சக்தியும் இல்லாம இருந்தா ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்ல. மேட்ச் ரைஃபிள் எல்லாம் ஏழு எட்டு ஜூல் பக்கம்தான் வரும், அதனால பிரச்சினை இல்ல. கடையில அடையாளச் சான்று, முகவரிச் சான்று கேப்பாங்க, குடுங்க, பில்லை பத்திரமா வெச்சுக்கங்க, கன்னை எடுத்துட்டு பஸ்ல ட்ரெயின்ல போறப்ப பில் காப்பியும் கிளப் ஐடியும் பெட்டிக்குள்ளயே இருக்கட்டும். பாயிண்ட் 22 ரைஃபிள், பிஸ்டல் எல்லாம் வேற கதை, அது ஃபயர் ஆர்ம், கண்டிப்பா லைசென்ஸ் வேணும்.

"ஷூட்டிங் கத்துக்கிட்டா வீட்டுப் பாதுகாப்புக்கு துப்பாக்கி லைசென்ஸ் ஈஸியா கிடைக்குமாமே"ன்னு கேக்குறவங்க தயவுசெஞ்சு வேற இடம் பாருங்க.

சரி, ஆறு மாசம் ஆச்சு. இப்போவாவது சொல்லுங்க.

காத்து சிலிண்டர் வெச்ச கன், அதாவது பி.சி.பி., அதுதான் மேட்சுக்கு. ஸ்ப்ரிங் கன்ல ட்ரிகர் அழுத்தினதும் உள்ள பிஸ்டன் முன்னாடி பாயுது, பெல்லட் பேரலை விட்டு வெளிய போறதுக்கு முன்னாடியே கன்னு குலுங்குது, கத்துக்குற ஆளுக்கு தப்பு தன்னோடதா கன்னோடதான்னே தெரியாது. ரைஃபிள்ல ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், பிஸ்டல்ல ஸ்டையர், மோரினி, பார்டினி, வால்தர், இதுதான் எந்த நேஷனல்ஸ் போனாலும் லேன் லேனா பாக்குற பேரு. புதுசுன்னா லட்சக் கணக்குதான். நம்ம ஊர் கம்பெனிங்களும், ப்ரிசிஹோல் மாதிரி, கன் செய்றாங்க, பழகுற காலத்துக்கு அது போதும்.

பிஸ்டல் வாங்குறீங்கன்னா பேரை விட க்ரிப்தான் முக்கியம். கையில பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டு கையைத் தூக்குங்க, கண்ணைத் திறந்தா முன் சைட்டு (சைட்டுன்னா கன் மேல குறி பாக்குற பாகம்) பின் சைட்டோட பள்ளத்துக்கு நடுவுல தானா வந்து நிக்கணும். ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டைத் திருப்பி சரி பண்ண வேண்டியிருந்தா அந்த க்ரிப் உங்களுக்கு இல்ல. மர க்ரிப்பை அரம் போட்டுத் தேய்க்கலாம், புட்டி வெச்சு நிரப்பலாம், எல்லாரும் பண்றதுதான், ஆனா கைப்பகுதி சைஸே தப்பா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. மேட்ச் ரூல் ரெண்டு ஞாபகம் வெச்சுக்கங்க: பிஸ்டல் எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது, ட்ரிகர் எடை, அதாவது சுட விரல் குடுக்க வேண்டிய அழுத்தம், 500 கிராமுக்குக் குறையக் கூடாது. ரைஃபிள்னா 5.5 கிலோ வரைக்கும்.

செகண்ட் ஹேண்ட் தாராளமா வாங்கலாம். ஒண்ணே ஒண்ணு, சிலிண்டர்ல பொறிச்சிருக்கிற தேதியைப் பாருங்க. பெரும்பாலான கம்பெனிங்க தயாரிச்ச தேதில இருந்து 10 வருஷம்தான் ஆயுசுன்னு சொல்றாங்க, அதுக்கு மேல போனதை மேட்ச்ல விடாம போகலாம், ரூலை விடுங்க, 200 பார் அழுத்தத்துல காத்து அடைச்ச சாமானை முகத்துக்குப் பக்கத்துல வெச்சு சுடுறீங்க. சிலிண்டர் காலாவதின்னா புது சிலிண்டர் விலையைக் கழிச்சுட்டு பேரம் பேசுங்க.

காத்து எங்க அடிக்கிறது?

கிளப்ல பெரிய டேங்க் இருக்கும், அடாப்டர் வெச்சு அதுல இருந்து ரொப்பிக்கலாம். கைப் பம்பும் இருக்கு, ஜிம்முக்குத் தனியா போக வேண்டாம். நம்ம கடலோர ஊர்ல பம்ப் அடிச்சா காத்தோட ஈரமும் உள்ள போகும், நல்ல ஃபில்டர் இருக்கிற பம்பா பாத்து வாங்குங்க, நடுவுல நிறுத்தி ஆற விட்டு அடிங்க. ரொப்புற வாய்ல எண்ணெய், கிரீஸ் எதுவும் போடாதீங்க. ஆக்சிஜன் சிலிண்டர்ல இருந்து ரொப்புற வேலையே வேண்டாம், எண்ணெய்ப் பசையும் அழுத்தமான ஆக்சிஜனும் சேந்தா வெடிக்கும்.

பெல்லட்ல என்ன பெரிய வித்தியாசம்?

ஆரம்பத்துல எதுவும் இல்ல. தலை தட்டையா இருக்கிற மேட்ச் பெல்லட் வாங்குங்க, அதுதான் அட்டையில வட்டமா சுத்தமா ஓட்டை போடும், கூர் மூக்கு பெல்லட் கிழிச்சு வெச்சுடும், ஸ்கோர் பாக்க முடியாது. டின் மேல 4.49, 4.50னு தலை சைஸ் போட்டிருக்கும், எது உங்க பேரலுக்கு ஒத்து வரும்னு பாக்கணும்னா கன்னை வைஸ்ல இறுக்கி வெச்சு ஒவ்வொரு டின்லயும் அஞ்சு பத்து சுட்டு, ஓட்டை எல்லாம் எவ்ளோ நெருக்கமா கூடுதுன்னு குரூப் பாப்பாங்க. ரைஃபிள்காரங்களுக்கு இது உசுரு. பிஸ்டல்ல 560 தாண்டாத வரைக்கும் இதைப் பத்தி பேசுறதே நேர விரயம்ங்கிறது என் கருத்து. டின்னைக் கீழ போட்டு அடிபட்ட பெல்லட்டை மட்டும் மேட்சுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

ரைஃபிள் ஜாக்கெட் இல்லாம சுட முடியாதா? மெட்ராஸ் வெயில்ல அதைப் போட்டா செத்துடுவோம் போல.

முடியும், முதல் மாசம் அப்படித்தான் சுட வைப்பாங்க. ஆனா இடுப்பை முன்னாடி தள்ளி, முதுகை வளைச்சு, இடது முழங்கையை இடுப்பு எலும்பு மேல ஊனி நிக்கிற அந்த நிலைக்கு ஜாக்கெட் இல்லாம தினமும் மணிக்கணக்கா நின்னா கீழ் முதுகு போயிடும், ரைஃபிள் பசங்க முதுகு வலின்னு பிசியோகிட்ட நிக்கிறது சாதாரணமா பாக்குற விஷயம். அதனால அந்த ஸ்டான்ஸை வீடியோ பாத்துக் கத்துக்காதீங்க, கோச் பக்கத்துல இருக்கணும்.

ஜாக்கெட் தடிமனுக்கு கணக்கு உண்டு, ஒரு மடிப்புல 2.5 மில்லிமீட்டர்தான், விறைப்பையும் மெஷின் வெச்சு அளப்பாங்க. அண்ணனோட பழைய ஜாக்கெட், சீனியர் அக்காவோட ஜாக்கெட்னு வாங்கிப் போட்டா உடம்போட ஒட்டாது, இதுல மட்டும் அளவு எடுத்துத் தச்சதை வாங்குங்க. கேப்பபை மாதிரி இந்திய பிராண்டே நல்லா இருக்கு, வெளிநாட்டு விலை குடுக்கணும்னு இல்ல. உள்ள மெல்லிசா காட்டன் பனியன், ரெண்டு செட். பத்து ஷாட்டுக்கு ஒரு தடவை ஜாக்கெட் பட்டனைத் திறந்து விட்டு தண்ணி குடிங்க. வேர்வை ஜாக்கெட்டை பெட்டிக்குள்ள மடிச்சு வைக்காதீங்க, நிழல்ல காய விடுங்க, வெயில்ல போட்டா லெதர் வெறைச்சுப் போயி அடுத்த மேட்ச்ல செக்கிங்ல மாட்டும்.

பிஸ்டல்காரங்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்ல. டி-ஷர்ட், பேன்ட், கணுக்கால் எலும்பை மறைக்காத தட்டை அடி ஷூ. அவ்ளோதான்.

அந்த துருக்கிக்காரர் எதுவுமே இல்லாம ஒரு கையைப் பாக்கெட்ல விட்டுட்டு சுட்டு மெடல் வாங்கினாரே? அப்போ இந்த கண்ணாடி எல்லாம் சும்மாவா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அப்புறம் இந்தக் கேள்வி வராத வாரம் இல்ல. யூசுஃப் டிகெச், மிக்ஸட் டீம் ஏர் பிஸ்டல்ல ஷெவ்வல் இலாய்தா தர்ஹானோட சேந்து வெள்ளி வாங்கினாரு. கையைப் பாக்கெட்ல விடுறது ஸ்டைல் இல்லங்க, பிஸ்டல் சுடுற எல்லாருமே அப்படித்தான், சும்மா தொங்க விட்டா அந்தக் கை ஆடி உடம்பை ஆட்டும், அதனால பாக்கெட்லயோ பெல்ட்லயோ சொருகிக்கிறோம். அவரும் சும்மா வரல, வழக்கமான கண்ணாடி போட்டிருந்தாரு, காதுல அடைப்பான் இருந்துச்சு. ரெண்டு கண்ணையும் திறந்து சுடுறாரு, பல வருஷப் பழக்கம்.

உங்களுக்கு என்ன வேணும்னா, சுடாத கண்ணுக்கு முன்னாடி ஒரு வெள்ளை அட்டை, ப்ளைண்டர்னு சொல்றது, 30 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், பழைய விசிட்டிங் கார்டை வெட்டி தொப்பியில க்ளிப் பண்ணிக்கலாம், செலவு சுழியம். ஒரு கண்ணை இறுக்கி மூடிட்டு சுடாதீங்க, மூஞ்சி தசை இழுத்து அரை மணி நேரத்துல திறந்த கண்ணும் மங்கிடும். பவர் இருக்கிறவங்க, குறிப்பா நாப்பது தாண்டினவங்க, டாக்டர்கிட்ட போயி "கை நீட்டினா முன் சைட்டு இருக்கிற தூரம் எனக்குத் தெளிவா தெரியணும்"னு சொல்லி லென்ஸ் வாங்குங்க.

நான் சரியா பத்துக்கு நேராதான் குறி வெக்கிறேன், ஆனா ஏழு எட்டு விழுது. கன் கோளாறா?

இல்ல. இந்த ஒரு பதிலை மட்டும் பொறுமையா படிங்க, எனக்கு இது புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு.

பிஸ்டல்ல பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் நடுவுல சுமாரா 34 சென்டிமீட்டர். இப்போ ரெண்டு விதமா தப்பு நடக்கலாம். ஒண்ணு, சைட்டு ரெண்டும் நேர்கோட்டுல இருக்கு, ஆனா கை மொத்தமா ஒரு மில்லிமீட்டர் பக்கத்துல நகர்ந்துடுச்சு. அப்போ டார்கெட்லயும் ஒரு மில்லிமீட்டர்தான் தள்ளி விழும், ஒண்ணுமே இல்ல அது. ரெண்டாவது, கை அங்கயேதான் இருக்கு, ஆனா மணிக்கட்டு லேசா மடங்கி முன் சைட்டு மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலகிடுச்சு. 34 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்னா 10 மீட்டருக்கு எவ்ளோ? கிட்டத்தட்ட 29 மில்லிமீட்டர். பிஸ்டல் டார்கெட்ல ஒரு வளையம் 8 மில்லிமீட்டர், 29னா நேரா ஏழு.

அதாவது கை ஆடுறது பெரிய பிரச்சினையே இல்ல, எல்லாருக்கும் ஆடும், ஒலிம்பிக் ஆளுங்களுக்கும் ஆடும். சைட்டு ரெண்டும் விலகாம இருக்கணும். அதனாலதான் கண்ணு முன் சைட்டு மேலதான் இருக்கணும், கறுப்பு வட்டம் மங்கலா தெரியணும். வட்டம் பளிச்னு தெரியுதுன்னா நீங்க தப்பான இடத்தைப் பாக்குறீங்க. வட்டத்துக்கு நடுவுலயும் குறி வெக்க வேண்டாம், கீழ வெள்ளையில கொஞ்சம் இடம் விட்டு நிறுத்துங்க, கறுப்பு மேல கறுப்பு சைட்டு தெரியாது. எங்க நிறுத்தினாலும் சைட்டு திருப்பி பத்துக்குக் கொண்டு வந்துடலாம், சரியா அந்தப் புள்ளியிலதான் நிறுத்தணும்னு போராடாதீங்க, உள்ளங்கை அளவு இடத்துல அது மிதந்துட்டு இருக்கட்டும்.

எல்லாம் இடது கீழ போகுது.

வலது கைக்காரர்தானே? ட்ரிகரைப் பிடுங்குறீங்க. "இதோ பத்து வந்துடுச்சு, இப்போ!"ன்னு மூளை சொல்லுது, விரல் மட்டும் மடங்காம மொத்தக் கையும் சேந்து இறுகுது, மூக்கு கீழ இறங்குது. ட்ரிகரோட முதல் கட்டத்தை, அதாவது லேசா பின்னாடி வந்து தட்டி நிக்கிற வரைக்கும், எடுத்து வெச்சுட்டு, மெதுவா நேரா பின்னாடி அழுத்தத்தைக் கூட்டிட்டே இருங்க, எப்போ சுடும்னு உங்களுக்கே தெரியக் கூடாது. சுட்டதும் கையை இறக்காதீங்க, ரெண்டு செகண்ட் அப்படியே சைட்டைப் பாத்துட்டு நில்லுங்க. அதுதான் ஃபாலோ த்ரூ. எங்க விழுந்துச்சுன்னு மானிட்டரை எட்டிப் பாக்குற அவசரம்தான் முக்கால்வாசி எட்டுக்குக் காரணம்.

மூச்சு எவ்ளோ நேரம் பிடிக்கணும்?

பிடிக்கவே வேண்டாம், பாதி வெளிய விட்டுட்டு சும்மா நிறுத்துங்க. ஆறுல இருந்து எட்டு செகண்டுக்குள்ள ஷாட் போகணும். போகலன்னா கையை இறக்கி மேசையில வெச்சுட்டு மறுபடி ஆரம்பிங்க. பன்னெண்டு செகண்ட் பிடிச்சு "இவ்ளோ நேரம் பிடிச்சாச்சே, சுட்டுடுவோம்"னு சுடுற ஷாட் நல்லா விழுந்து நான் பாத்ததே இல்ல.

வீட்ல பயிற்சி பண்ண முடியுமா? வாடகை வீடு, பத்து மீட்டர் எல்லாம் இல்ல.

பெல்லட் இல்லாம பண்றதுதான் அதிகம் தேவை. வெறும் வெள்ளைச் சுவர், அதுக்கு நேரா நின்னு சைட்டை மட்டும் பாத்துட்டு ட்ரிகர் அழுத்துங்க, ட்ரை ஃபையரிங். டார்கெட் இல்லாததால மூளை எதுக்கும் ஆசைப்படாது, ட்ரிகர் விழுறப்ப முன் சைட்டு துள்ளுதா இல்லையான்னு மட்டும் தெரியும். தினமும் இருபது நிமிஷம். மேட்ச் கன்ல இதுக்குன்னே தனி செட்டிங் இருக்கும், காத்து செலவாகாது. ஸ்ப்ரிங் கன்ல மட்டும் பெல்லட் இல்லாம சுடாதீங்க, பிஸ்டன் சீல் அடி வாங்கும். எத்தனை தடவை பண்ணாலும் உள்ள பெல்லட் இல்லைன்னு திறந்து பாத்துட்டுத்தான், அந்தச் சுவருக்குப் பின்னாடி ஆள் இருக்கக் கூடாதுன்னு யோசிச்சுத்தான்.

கன் கிளப்போடதுன்னா ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை ரொப்பி கழுத்தைப் பிடிச்சு கையை நீட்டி நில்லுங்க, எடை சரியா பிஸ்டல் எடைதான். 30 செகண்ட் பிடி, ஒரு நிமிஷம் ரெஸ்ட், பத்து தடவை. எங்க வீட்ல டிவி சீரியல் ஓடுறப்ப இதைத்தான் பண்ணுவேன், ஆரம்பத்துல சிரிச்சாங்க, இப்போ யாரும் திரும்பிக்கூட பாக்குறதில்ல. தோள் வலிச்சா நிறுத்திடுங்க.

ஒரு நாளைக்கு எத்தனை ஷாட்?

முதல் ரெண்டு மாசம் டார்கெட்டைத் திருப்பி வெச்சு வெள்ளைப் பக்கத்துல சுடுங்க. ஸ்கோர் வேண்டாம். பத்து ஷாட்டும் ஒரே இடத்துல கூடுதா, அதான் குரூப்பிங். மூலையில கூடினாலும் சந்தோஷம், சைட்டை நாலு க்ளிக் திருப்பினா அது நடுவுக்கு வந்துடும், ஆனா பத்து இடத்துல பத்து ஷாட் சிதறினா எந்த க்ளிக்கும் உதவாது. நாப்பது அம்பது ஷாட் யோசிச்சு சுட்டா போதும். 200 சுட்டேன்னு பெருமை பேசுறவங்க கடைசி நூறுல தப்பைத்தான் மனப்பாடம் பண்றாங்க.

மேட்ச் எப்படி நடக்கும்? நேஷனல்ஸ் வரைக்கும் வழி என்ன?

15 நிமிஷம் தயாராகவும் சைட்டர் (கணக்குல வராத சோதனை ஷாட்) சுடவும், அப்புறம் எலக்ட்ரானிக் டார்கெட்ல 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம். கிளப்ல சேந்து, மாநில சங்கத்துல பதிவு பண்ணி, ஸ்டேட் மேட்ச், அங்க தகுதி ஸ்கோர் வந்தா சவுத் ஜோன், அப்படியே மேல. எந்த வருஷம் எவ்ளோ ஸ்கோர்னு மாறும், கிளப் செக்ரட்டரிகிட்ட கேளுங்க. 2024 ஜனவரில கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு இங்க நடந்தப்ப வேளச்சேரி குருநானக் காலேஜ் ரேஞ்ச்லதான் ஷூட்டிங் வெச்சாங்க. அடுத்து பக்கத்துல ஏதாவது மேட்ச் வந்தா சும்மா போயி பின்னாடி உக்காந்து பாருங்க, ஸ்கோரை இல்ல, நல்ல ஆளுங்க எத்தனை தடவை சுடாம கையை இறக்குறாங்கன்னு எண்ணுங்க.

பிராக்டிஸ்ல 560 வருது, மேட்ச்ல 535. ஏன்?

பிராக்டிஸ்ல 560ங்கிறது உங்க நல்ல நாளோட கணக்கு, அதை மறந்துடுறோம். மேட்ச்ல நெஞ்சு அடிக்கிற அடியில சைட்டு துள்ளுறது கண்ணுக்கே தெரியும். அதைக் கட்டுப்படுத்த முடியாது, அதோட சேந்து சுடத்தான் பழகணும், மாசத்துக்கு ரெண்டு தடவை கிளப்ல முழு நேரம் வெச்சு, தோத்தவங்க டீ வாங்கிக் குடுக்கணும்னு பந்தயம் கட்டி சுடுங்க. டீக்கே கை நடுங்கும் பாருங்க.

வித்தியாசம் எவ்ளோ சின்னதுன்னு தெரியணும்னா, கடலூர்ல பொறந்து அகமதாபாத்ல வளந்த இளவேனில் வாலறிவன் பாரிஸ்ல ஏர் ரைஃபிள்ல 630.7 சுட்டாங்க, பத்தாவது இடம், எட்டுப் பேர்தான் ஃபைனல். உலகக் கோப்பைத் தங்கம் வாங்கின ஆளுக்கே அப்படி. மனு பாக்கருக்கு டோக்கியோ ஒலிம்பிக்ல ஏர் பிஸ்டல் மேட்ச் நடுவுல பிஸ்டல் கோளாறாகி சரி பண்ணிட்டு வர்றதுக்குள்ள நேரம் போயி 575ல பன்னெண்டாவதா முடிச்சாங்க. பாரிஸ்ல அதே ஈவென்ட்ல வெண்கலம், மிக்ஸட்ல சரப்ஜோத் சிங்கோட இன்னொண்ணு. நம்ம லெவலுக்கு இதுல எடுத்துக்க வேண்டியது, பெட்டியில ஆலன் கீ செட், ஸ்பேர் ஓ-ரிங், பேட்டரி ட்ரிகர்னா ஸ்பேர் பேட்டரி. போன வருஷம் ஸ்டேட் மேட்ச்ல ஒரு ஸ்க்ரூ கழண்டு பக்கத்து லேன் பையன்கிட்ட கீ கடன் வாங்கினேன், எனக்கு வயசு அவனுக்கு ரெண்டு மடங்கு.

சின்னப் பசங்களுக்கு ஆபத்து இல்லையா?

ரூல் படி நடந்தா கிரிக்கெட்டை விட கம்மி. பேரல் எப்பவும் டார்கெட் பக்கம், சுடத் தயாராகாம விரல் ட்ரிகர் பக்கம் போகக் கூடாது, சுடாத நேரம் பேரல்ல, உள்ள பெல்லட் இல்லைன்னு காட்ட சேஃப்டி கயிறு, "ஸ்டாப்"னு கேட்டா அந்த நொடியே கீழ வெச்சுடணும். இதுல விளையாடுற பையனை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிடுவோம், அப்பா யாரா இருந்தாலும். இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல: பெல்லட் ஈயம். சுட்ட கையோட சமோசா சாப்பிடாதீங்க, பெல்லட்டை வாயில வெச்சுக்காதீங்க, சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் எதுவும்.

முதல் நாள் என்ன எடுத்துட்டு வரணும்?

ஆதார் காப்பி, ரெண்டு போட்டோ, தண்ணி பாட்டில், தட்டை அடி ஷூ, செருப்பு வேண்டாம். காபி குடிச்சுட்டு வராதீங்க, வெறும் வயித்தோடயும் வராதீங்க, ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வாங்க. கன் அன்னைக்கு கையில குடுக்க மாட்டாங்க, நிக்க மட்டும்தான் சொல்லிக் குடுப்பாங்க, பையன் மூஞ்சி தொங்கிப் போகும், அதை முன்கூட்டியே அவன்கிட்ட சொல்லிக் கூட்டிட்டு வாங்க.